புது ஜீப்புக்கு ஒரு டிரைவர்

“இன்டர்வியூவாவது இன்னொண்ணாவது! அதெல்லாம் அப்புறம்பா. மொதல்ல வண்டிய எடு!”

லைசென்ஸைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்ற சூசைநாதனிடம் சாவியை வீசாத குறையாகக் கொடுத்தார் அமீர் ஹம்சா. வில்லியனூரில் அரிசி மண்டி வைத்திருப்பவர். சொந்த ஊரான கரையாம்புத்தூரில் ஏழைகளுக்காக ஒரு சின்ன ஆஸ்பத்திரி நடத்தி வந்தார். அந்த ஆஸ்பத்திரி ஜீப்புக்குத்தான் டிரைவர் தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஜீப் வாசலிலேயே நின்றது. அந்த வருஷம்தான் வந்திருந்த புது மாடல். பழையதைப் போலப் பெட்ரோல் குடிக்காது. டீசல் என்ஜின். பின்பக்கமும் நீளம், ஓர் ஆள் காலை நீட்டிப் படுக்கலாம். இப்போது அங்கே மெத்தை விரித்து ஒரு பெண்ணைப் படுக்க வைத்திருந்தார்கள். தலை முதல் கால் வரை வெள்ளைத் துப்பட்டி. உள்ளேயிருந்து மெல்லிய முனகல்.

“தலைப்பிரசவம். பாண்டிக்குக் கொண்டுபோவச் சொல்லிட்டாங்க. இன்னாப்பா பாத்துக்கினு நிக்கிற?”

“உள்ள கமிட்டிக்காரங்க கூப்புடுவாங்கன்னு சொன்னாங்களே பாய்...”

“அவங்க மத்தியானமே கெளம்பிடுவாங்க. உனக்காகக் காத்துக்கினு இருப்பாங்களா? வர்றியா, வேற ஆளப் பாக்கட்டுமா?”

சூசைநாதன் ஒரு கணம் தயங்கினான். லாரி வேலை போய் மாதங்கள் ஆகிவிட்டன. இந்த வேலையை நம்பித்தான் அவன் மனைவி காலையில் கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்திருந்தாள். உள்ளே கூப்பிடும்போது அவன் இல்லையென்றால் வேறு யாருக்காவது போய்விடும்.

பின்னாலிருந்து மறுபடி முனகல் கேட்டது. ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினான்.

“கூடப் பொம்பளைங்க யாரும் வரலியா பாய்?”

“நேரமில்ல. எடு!”

ஊரைத் தாண்டியதும் மண் ரோடு. ஐப்பசி மழை அதைக் கொத்திப் போட்டிருந்தது. சூசைநாதன் கியரைக் குறைத்தான். ஒவ்வொரு பள்ளத்திலும் முன் சக்கரத்தை மெதுவாக இறக்கி, மெதுவாக ஏற்றினான்.

“இன்னாப்பா, கட்டை வண்டியா ஓட்டற? எந்த மேடு பள்ளத்துலயும் பூந்து வரும்னு சொல்லித்தான் இத வித்தான். மிதி!”

“வண்டி தாங்கும் பாய். படுத்திருக்கறவங்க தாங்கணுமே.”

“எனக்கே சொல்லித் தர்றியா? சீக்கிரம் போடா!”

லாரி முதலாளியும் இப்படித்தான் கத்துவார். ‘ஆமை’ என்றே பேர் வைத்து, ஒருநாள் இறக்கியும் விட்டுவிட்டார்.

“வழியில ஏதாவது ஆச்சு, உன்ன சும்மா வுட மாட்டேன்!” அமீர் ஹம்சாவின் குரல் உடைந்தது.

சூசைநாதனுக்குச் சந்தேகம் வந்தது. அவர் சொல்வதுதான் சரியோ? நம்முடைய நிதானத்தாலேயே இந்த உயிர் போய்விட்டால்? கால் தானாக ஆக்சிலேட்டரை அழுத்தியது. ஜீப் துள்ளிக் குதித்தது. பின்னால் “அல்லா!” என்று ஓர் அலறல்.

சட்டென்று காலை எடுத்துவிட்டான்.

“மன்னிச்சிக்கம்மா. இனிமே அப்படிப் போவ மாட்டேன். தார் ரோடு வந்துடும், கொஞ்சம் பல்லக் கடிச்சிக்க.”

“போடா, போடா!” என்று அமீர் ஹம்சா டேஷ்போர்டில் அடித்தார். பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை. வேலை போனது போனதுதான். சூசைநாதன் பள்ளங்களை மட்டும் பார்த்து ஓட்டினான்.

கரிக்கலாம்பாக்கம் அருகே தார் ரோடு வந்தது. அப்பாடா என்று கியரை மாற்றி வேகம் எடுத்தான்.

“நிறுத்து. ஓரமா நிறுத்து.”

“பாய், இப்பதான் நல்ல ரோடு...”

“நிறுத்துன்றேன் இல்ல? கீழ எறங்கு.”

வண்டி நின்றது. சூசைநாதன் இறங்கினான். சாவியை மட்டும் விடவில்லை.

“பாய், எனக்கு வேலை தர வேணாம். ஆஸ்பத்திரி வரைக்கும் மட்டும் நான் ஓட்டறேன். இந்த நெலமையில ஆள மாத்தாதீங்க. கோவத்துல நீங்க ஓட்டினா அந்தம்மா தாங்காது.”

ஜீப்பின் பின்பக்கக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

துப்பட்டியை விலக்கிக்கொண்டு, யார் கையையும் பிடிக்காமல் அந்தப் பெண் கீழே இறங்கினாள். தலை பாதி நரைத்திருந்தது. ஐம்பது வயதைத் தாண்டியவள்.

“நேத்து வந்தவங்க எல்லாரும் நீங்க கத்தினதுமே வண்டியப் பறக்க வுட்டாங்க. என் இடுப்பு இன்னும் வலிக்குது” என்றாள், அமீர் ஹம்சாவின் மனைவி கைருன்னிசா. “கமிட்டின்னு யாரும் இல்ல தம்பி, நாங்க ரெண்டு பேருதான். நீயே இருப்பா.”

சூசைநாதன் கையிலிருந்த சாவியைப் பார்த்தான்.

அமீர் ஹம்சா அவன் முகத்தைப் பார்க்காமல் வயல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

“போன வருஷம் எங்க பொண்ணத் தலைப்பிரசவத்துக்குப் பழைய ஜீப்புல இதே ரோட்டுலதான் கூட்டிக்கினு போனோம். அன்னிக்கும் இப்படித்தான்பா கத்தினேன். அந்த டிரைவரு நான் சொன்னதக் கேட்டுட்டான்.”