பாரிஸில் எங்கே சாப்பிடலாம்?

மோட்டார் கொட்டகை நிழலில் துரைராசு செல்போனில் வீடியோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பழைய பாணி பிஸ்ட்ரோவுல, அதான் சின்ன சாப்பாட்டுக் கடையில, சாப்புடணும்னா கண்ண மூடிக்கிட்டு இங்க வரலாம் மக்களே! சிவப்புக் கட்டம் போட்ட மேசைத் துணி, செவத்துல கரும்பலகை. இன்னிக்கு என்ன சாப்பாடுன்னு அதுலதான் எழுதியிருப்பாங்க" என்று பாரிஸ் தெருவில் நின்றபடி ஒரு தமிழ்ப் பெண் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வரப்பில் வந்த ஐயாவு நின்றுவிட்டான். "என்னண்ணே, மவன்கிட்ட கெளம்பியாச்சா? நடவு முடிஞ்சு போங்கண்ணே!"

"போனா எங்க சாப்புடுறதுன்னு தெரிஞ்சு வச்சுக்க வேணாமா?" என்று சிரித்தார் துரைராசு.

ஐயாவு தலை மறைந்ததும் சிரிப்பும் போய்விட்டது. வீடியோவை மறுபடி முதலிலிருந்து போட்டார். வெங்காய சூப், வாத்துக் கால் வறுவல், பூண்டு வெண்ணெயில் நத்தை. பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி உதட்டுக்குள்ளேயே சொல்லிச் சொல்லிப் பார்த்தார்.

பாரிஸுக்கு அவர் போகப்போவதில்லை. அங்கே ஒரு பிஸ்ட்ரோ சமையலறையில் வேலை பார்த்த மகன் ராஜ்குமார் எங்கே இருக்கிறான் என்பதே அவருக்குத் தெரியாது.

கடைசியாகப் பேசியபோது அவன் குரல் உடைந்திருந்தது. "கடைய மூடிட்டாங்கப்பா. என் விசா பேப்பரும் ரினியூ ஆகல. போலீஸ் வந்தா என்ன பண்றதுன்னு தெரியல. மாலதிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க." அத்தோடு சரி. பிறகு எப்போது போட்டாலும் அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்றுதான் வந்தது. வாய்க்காலை ஒட்டிய நல்ல நிலத்தை விற்று அனுப்பிய பிள்ளை.

மனைவி அகிலாண்டம் போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் அவரும் மருமகளும்தான். மாலதி குடவாசலில் நர்சரி ஸ்கூல் டீச்சர். "அவரு நம்பர் போகவே மாட்டேங்குதே, உங்களுக்காவது பேசினாரா மாமா?" என்று அவள் முதல்முறை கேட்டபோது, "போன் தண்ணியில விழுந்துருச்சாம்மா. நீ ஸ்கூலுக்குப் போனப்ப மொதலாளி போன்லேருந்து பேசினான்" என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார். அதை நம்பவைக்க அன்றைக்கு அவன் என்ன சாப்பிட்டான் என்று ஒன்று சேர்த்துக்கொண்டார். அப்புறம் அதுவே வழக்கமாகிப்போனது.

இப்போதெல்லாம் அவள் கேட்பதுகூட இல்லை. கேட்கவே பயப்படுகிறாள் பாவம் என்று அவரே ஆரம்பிப்பார்.

அன்று சனிக்கிழமை. அரை நாள் பள்ளி முடிந்து வந்தவள் அவருக்குச் சோறு போட்டுவிட்டு, ஒரத்தநாட்டுக்குக் கிளம்புவதற்காகப் பையை எடுத்து வைத்தாள். தனியாக இருக்கும் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று கொஞ்ச நாளாகவே வாராவாரம் போய்வருகிறாள். தெருவில் வாங்கிய நெத்திலிக் கருவாட்டைத் தாளில் சுற்றிப் பையின் அடியில் வைத்தாள்.

"காலையில பேசினான்மா" என்றார் துரைராசு.

மாலதியின் கை நின்றது. "சொல்லுங்க மாமா."

"சிநேகிதனுங்களோட புது மாதிரி பிஸ்ட்ரோவுக்குப் போயிருக்கான். அங்க மேசைத் துணியெல்லாம் கெடையாதாம். தட்டு என்னமோ மொறம் மாதிரி இருக்கு, நடுவுல கொட்டப்பாக்கு அளவுக்குக் கறின்னு சிரிக்கிறான். இவனுக்குப் பத்தல. பழைய பிஸ்ட்ரோவுக்குப் போயி பூண்டு வெண்ணெயில வதக்குன நத்தைய ஒரு தட்டு சாப்பிட்டானாம்."

"நத்தையா? அவருக்கு அதப் பாத்தாலே கொமட்டுமே!"

துரைராசு குனிந்து சோற்றைப் பிசைந்தார். "ஊருக்குத் தக்கன மாறிட்டான் போலருக்கு."

"எங்கம்மா கேட்டா காதப் பொத்திக்குவாங்க. மீன் கருவாடெல்லாம் விட்டே எத்தனையோ வருஷமாச்சு அவங்களுக்கு." சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. உதடு கோணிக்கொண்டு கண் நிறைந்துவிட்டது.

ஒவ்வொரு வாரமும் ஒரு சாப்பாட்டுக் கடையைக் காட்டி இந்தப் பெண்ணை எத்தனை நாளைக்கு ஏமாற்றுவது? நாளைக்கு ஒரு கெட்ட சேதி வந்தால் இவள் முகத்தில் எப்படி விழிப்பது?

இலையை அப்படியே விட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"மாலதி, இப்புடி உக்காரும்மா. மாமா சொன்னதெல்லாம் பொய்யி. அவன் காலையில பேசல. அவன் பேசியே ரொம்ப நாளாச்சு. வேலையும் போச்சு, பேப்பரும் போச்சு. எந்தத் தெருவுல படுத்துக் கெடக்குறானோ, எந்த ஜெயில்ல இருக்கானோ... ஒரு வாய் சோறு தின்னானான்னுகூட எனக்குத் தெரியாதும்மா!"

பெரிய மனிதர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார்.

மாலதி பையைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவர் காலடியில் உட்கார்ந்தாள். "அழாதீங்க மாமா. நெஞ்சுல ஸ்டென்ட் வச்ச ஒடம்பு. தாங்க மாட்டீங்கன்னு சத்தியம் வாங்கிட்டாரு மாமா. நெலத்த வித்து அனுப்புன அப்பா மொகத்துல எப்படி முழிப்பேன்னு..."

துரைராசு துண்டை விலக்கினார். "யாரும்மா?"

"அவரு எங்கம்மா வீட்டுலதான் மாமா இருக்காரு."