குழலின் நீளம்

துப்பாக்கிக் கடையில் அருளப்பன் நீளக் குழல் துப்பாக்கியைத் தோளில் வைத்துத் திரும்பினான். முனை அலமாரியில் இடித்தது.

"கடைக்குள்ள அப்படித்தான். வெட்டவெளியில இதுதான் தூரத்துக்கு எட்டும்," என்றார் கடைக்காரர்.

"இதையே எடுங்க. தள்ளி நின்னே சுடலாம்," என்றாள் மனைவி ரெஜினாள்.

போன மாதம் ஏலத்தோட்டத்துப் புதருக்குள் அவன் தம்பியைக் காட்டுப்பன்றி கிழித்துப்போட்டிருந்தது. கொடிகளில் மாட்டிக்கொண்டிருந்த தம்பியின் நீளத் துப்பாக்கியை அருளப்பன்தான் கொடிகளை அறுத்து எடுத்து வந்தான். அதிலிருந்து ஒரு குண்டும் போகவில்லை.

அருளப்பன் குட்டைக் குழலுள்ளதை எடுத்தான்.

"இதுக்குப் பன்றி கிட்ட வரணுமே," என்றார் கடைக்காரர்.

"நானே அது கிட்டப் போறேன்," என்றான் நிதானமாக.

ரெஜினாள் அவன் சட்டைக் கையைப் பிடித்தாள். அவன் அதை உதறவில்லை. துப்பாக்கியைக் கீழே வைக்கவுமில்லை.