எக்ஸ்ரேயில் விழாதது

1971 நவம்பர் 12, வெள்ளிக்கிழமை. ஒஹாயோ மாநிலம், டேட்டன். ஓர் ஆயுதத் தொழிற்சாலையின் கேண்டீனில், லோவல் ஹாவர்கேம்ப் என்ற வேதியியலாளர் தன் ஏழாவது காப்புரிமைக்காகக் கேக் வெட்டினார்.

கேக்கின் மேல் நீல நிறக் கிரீமில் காப்புரிமை எண்ணை எழுதியிருந்தார்கள்.

குண்டுக்குள் எஃகுச் சில்லுகளுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் சில்லுகள். அதுதான் கண்டுபிடிப்பு. எடை குறையும் என்று விண்ணப்பத்தில் காரணம் சொல்லியிருந்தார்.

அவருடைய அக்கா லொரீனாவும் வந்திருந்தார். அறுவை மருத்துவர். பதினான்கு மாதம் வியட்நாமில் வேலை பார்த்துவிட்டு அந்தச் செவ்வாய்க்கிழமைதான் ஊர் திரும்பியிருந்தார்.

கேக்கை அவர் தொடவில்லை. பையிலிருந்து ஓர் எக்ஸ்ரே படத்தை எடுத்துத் தம்பியிடம் நீட்டினார்.

“எத்தனை சில்லு இருக்குன்னு எண்ணிச் சொல்லு.”

லோவல் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு குழந்தையின் விலா, முதுகெலும்பு, இடுப்பு.

“ஒண்ணும் இல்லையே.”

“பதினொண்ணை நான் விரலால தடவித் தடவி எடுத்தேன். இன்னும் உள்ள கிடக்கு. ஆறு வயசுப் பொண்ணு, தினம் காய்ச்சல். மூணு தடவை வயித்தைத் திறந்தாச்சு. செஞ்சவன் நீதானே? எதுல பார்த்தா தெரியும்? அதை மட்டும் சொல்லு, அங்க ஆஸ்பத்திரிக்கு இப்பவே தந்தி அடிக்கிறேன்.”

“டாக்டரம்மா, ஒரு துண்டு கேக் சாப்பிடுங்க. குடும்பச் சண்டையை வீட்டுல வச்சுக்கலாம்” என்றார் மேலாளர் டில்மன்.

“நீங்க வாயை மூடுங்க.”

சுற்றி நின்றவர்கள் தங்கள் தட்டுகளைப் பார்த்தார்கள்.

லோவல் குரலைத் தாழ்த்தினார். “எதுலயும் தெரியாது, லொரீனா.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“பன்றிகளுக்குள்ள வச்சு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தோம். ஆறு மாசம்.”

“எடையைக் குறைக்கிறவனுக்கு எக்ஸ்ரே எதுக்குடா?”

லோவல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: “இதை நான் வச்சுக்கட்டுமா?”

தம்பிக்கு மனம் உறுத்துகிறது என்று லொரீனா நினைத்தார். கொடுத்துவிட்டுப் போனார்.

அந்தச் சிறுமி டிசம்பர் 3 அன்று இறந்தாள்.

படம் தொழிற்சாலையின் ஜனவரி ஆய்வறிக்கையின் பின்னிணைப்பில் வெளிவந்தது. மூலையில் எழுதியிருந்த அவள் பெயரை வெட்டியிருந்தார்கள். கீழே லோவல் ஒரு வரி சேர்த்திருந்தார்: “பன்றிகளில் கண்ட முடிவு மனித உடலிலும் உறுதியாகிறது.”