கோட்டுக்கு இந்தப் பக்கம்

காதை மூடியிருந்த கவசம் ஒயரோடு தலையிலிருந்து பிய்த்துக்கொண்டு போனது. என்னவென்று ஃபிட்டர் யோசிப்பதற்குள் விலாவில் ஒரு குத்து விழுந்தது. குத்தியவன் வேறு யாருமில்லை, சொந்த அக்கா புருஷன்.

ஒரே இடத்தில் வேலை பார்த்தும் இரண்டு பேருக்கும் ஒரு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. அக்கா மேல் அவன் கை நீட்டிய அன்று, ஃபிட்டர் அவனை நடுத்தெருவில் போட்டுப் புரட்டி எடுத்திருந்தான். "உன்ன ஒரு நாள் இல்லாம பண்றேன்டா" என்று அத்தான் வாயெல்லாம் ரத்தமாகக் கத்தியதைத் தெருவே கேட்டது.

அந்த ஒரு நாள் இன்றைக்குத்தான் போலிருக்கிறது. நேரம் பார்த்துத்தான் கை வைத்திருக்கிறான், பாவி! பழைய போர் விமானத்தில் புது இன்ஜினை மாட்டி, சங்கிலியால் கட்டிப்போட்டு, முதல்முறையாக முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்கிறார்கள். தொண்டை கிழியக் கத்தினாலும் ஒருத்தர் காதிலும் விழாது.

ஓடும் இன்ஜின் ஆளையே உள்ளே உறிஞ்சிவிடும். அதனால்தான் விமானத்தின் காற்றிழுக்கும் வாயைச் சுற்றித் தரையில் சிவப்புக் கோடு. பத்து வருஷமாக அதற்கு வெளியே நின்றுதான் ஃபிட்டர் எண்ணெய்க் கசிவு பார்ப்பான், இன்றும் ஒரு அங்குலம்கூடத் தாண்டவில்லை.

அத்தான் அவனைக் கீழே சாய்த்து, முடியைப் பிடித்துக் கான்கிரீட்டில் தரதரவென்று இழுத்தான். முழங்கைத் தோல் உரிந்தது. விலா எலும்பு ஒன்று மளுக்கென்றது. இன்றோடு நம் கதை முடிந்தது என்று ஃபிட்டர் முடிவே கட்டிவிட்டான்.

அப்போது இன்ஜின் டமடமவென்று அதிர்ந்து அடங்கியது. சண்டையைப் பார்த்துத்தான் மேலே விமானி இருக்கையில் உட்கார்ந்திருந்த இன்ஜினியர் அணைத்திருக்க வேண்டும்.

பிடி தளர்ந்ததுதான் தாமதம், ஃபிட்டர் இரும்பு வைத்த பூட்ஸால் அத்தானின் வாயிலேயே ஓங்கி உதைத்தான். போன தடவை தப்பிய பற்கள் இந்தத் தடவை தப்பவில்லை.

"இன்னைக்கு உன்ன நான் என்னய்யா பண்ணேன்? என் பாட்டுக்குக் கோட்டுக்கு இந்தப் பக்கம்தானே நின்னேன்! என்னைப் போய்க் கொல்லப் பாக்கறியே!"

அத்தான் ரத்தத்தைத் துப்பிவிட்டு, கையால் விமானத்தைக் காட்டினான். அதன் வாயோரத்தில் ஃபிட்டரின் காதுக் கவசத்தில் மிஞ்சிய ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது.

"கோடு பழைய இன்ஜினுக்குப் போட்டது, மாப்ள."