நீந்தப் போனவரின் நாற்காலி

மயாமியில் உல்லாசக் கப்பலேறிய மறுநாள் காலையிலேயே, மேல்தளத்து நீச்சல் குளத்தருகே தன் பக்கத்து நாற்காலியிலும் துண்டு விரித்து இடம் பிடித்தாள் லொரெய்ன். ஹால் என்ற அவள் கணவன் திட்டித் திட்டி ஏற்படுத்திய பழக்கம் அது. போன பயணத்தில் அவன் சாம்பலை இதே கடலில் கரைத்தபோது, இனியாவது நிம்மதி என்று நினைத்திருந்தாள்.

"இங்க யாராவது வர்றாங்களா?" என்றாள், இடம் தேடி வெகுநேரமாக அங்கேயே சுற்றிக்கொண்டிருந்த ஒருத்தி.

"என் வீட்டுக்காரர் நீந்தப் போயிருக்கார்." இடம் பிடிப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் பொய்தான்.

"இவ்வளவு நேரமாவா? மனுஷனா, மீனா?"

லொரெய்ன் சாப்பிட்டுவிட்டு வந்தபோது பக்கத்து நாற்காலித் துண்டு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. தொட்ட விரலை நாக்கில் வைத்தாள், உப்புக் கரித்தது. குளத்தில் இருப்பதோ நல்ல தண்ணீர்.

அந்தப் பெண் சிடுசிடுத்தாள். "உங்க வீட்டுக்காரருக்கு என்னங்க அவ்வளவு கோபம்? இடத்தைப் பார்த்துக்காம எங்க போய்த் தொலைஞ்சாள்னு கத்தினார். ரூம்ல காத்திருக்காராம்."