ஆலைத் தெருவுக்குத் தண்ணீர்

மலையிலிருந்து குழாயில் தண்ணீர் கொண்டுவர நகராட்சி கடன் வாங்க வேண்டும் என்று டாக்டர் பிக்கரிங் மூன்று வருடமாக மன்றாடிக்கொண்டிருந்தார். நிதிக் குழுத் தலைவர் கிரிம்ஷா அன்றுதான் காது கொடுத்தார். குழுவில் நானும் இருந்தேன்.

"ஆலைத் தெருவுல கக்கூஸ் குழிக்குப் பக்கத்துலயே கிணறு, சார். கோடை வந்தா பிள்ளைங்க வாந்திபேதியில கொத்துக் கொத்தா சாகுது."

"குழாய் வந்தா சாவு குறையுமா?"

"பாதியாக் குறையும்."

"சும்மா அடிச்சு விடாதீங்க, டாக்டர்."

"பக்கத்து ஊர்ல குறைஞ்சிருக்கே. வேணும்னா எழுதித் தரேன்."

கிரிம்ஷா மூக்குப்பொடியை உறிஞ்சிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். "கேட்டீங்கல்ல? பாதியாம். அப்ப இந்தக் கடன் வேணாம்."

டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்தார். "ஏன் சார்?"

"புதுக் கல்லறைத் தோட்டத்துக்கு ஊர்க்காரங்ககிட்ட கடன் பத்திரம் வித்துப் பணம் வாங்கியிருக்கோம். புதைக்கிற கட்டணத்துலதான் வட்டி கட்டுறோம். சோத்துக்கு இல்லாதவனும் சாவுக்குன்னு வாராவாரம் காசு சேத்து வைக்கிறான், பாக்கியே விழுறதில்ல. சாவு பாதியாச்சுன்னா வட்டிக்கு நான் எங்க போறது?"

"பிள்ளைங்க உயிரை வித்து வட்டி திங்கிற பாவிங்க யாரு சார்?"

"பாதிப் பத்திரம் உங்க வீட்டம்மா பேர்ல இருக்கு, டாக்டர். கல்யாணத்துக்கு உங்க மாமனார் வாங்கிக் கொடுத்தது."

டாக்டர் மேசைமேல் விரித்திருந்த குழாய் வரைபடத்தை மெதுவாகச் சுருட்டினார்.

"இந்தக் கோடை போகட்டும் சார், அப்புறம் பேசிக்கலாம்."