பன்னிரண்டுக்கு அப்புறம்

சதுப்புக்காட்டு ஓரத்தில் ஒரு வீடு. அந்தப் பக்கம் ரூகரூ என்று ஒன்று திரியும். பகலில் மனிதன், இருட்டினால் ஓநாய்த் தலையோடு வந்து ஆளைக் கிழித்துப் போடும். அதற்கு ஒரே ஒரு பலவீனம். துளைகளைக் கண்டால் எண்ணி முடிக்காமல் நகராது, பன்னிரண்டுக்கு மேல் எண்ணவும் வராது. அதனால் வாசற்கதவில் ஒரு சல்லடையைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

அன்றும் வந்தது. "பத்து, பதினொண்ணு, பன்னெண்டு... பன்னெண்டு..." தலையைச் சொறிந்துவிட்டு மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தது.

சல்லடைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வருஷக்கணக்காக இதே பாட்டு. துளைக்குத் துளை அந்த அழுக்கு நகம் வேறு.

"காதுல ஈயத்தைக் காய்ச்சி ஊத்துற மாதிரி இருக்கு," என்றது கதவிடம்.

"விடியுற வரைக்கும் பொறுத்துக்கோ. உள்ளே பிள்ளைங்க தூங்குதுங்க," என்றது கதவு.

"பன்னெண்டு..." என்று மறுபடி இழுத்தது ரூகரூ.

"பதிமூணுடா மடையா, பதிமூணு!" என்று கத்தியேவிட்டது சல்லடை.

ரூகரூ பணிவாகக் கேட்டது: "அதுக்கப்புறம்?"

இவ்வளவு ஆர்வமாக யாரும் சல்லடையிடம் எதையும் கேட்டதில்லை. அது ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தது. தப்பு வந்த இடத்தில் அதட்டித் திருத்தியது. கதவு கிரீச்சிட்டுப் பார்த்தது. சல்லடை காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசித் துளையில் நகம் வந்து நின்றது.

"நூத்தி நாப்பது. சரிதானே?"

"இப்பதான் சரி," என்றது சல்லடை, அப்பாடா என்று.

ரூகரூ அதை மரியாதையாகக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, கதவில் கை வைத்தது.